தூங்கத் தெரிந்த பெட்டி!

கடல் பறவையின் ரகசியத்தை அறிய விஞ்ஞானிகள் செய்த தந்திரம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதன் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில், ஒரு சின்னத் தீவு. பெயர், கிரேட் டக் ஐலண்டு. "பெரிய வாத்துத் தீவு" என்று அர்த்தம்.

பெயரில்தான் "பெரிய" இருக்கிறது. தீவின் பரப்பு 237 ஏக்கர்தான்! ஒரு கலங்கரை விளக்கம், கொஞ்சம் மரம், கொஞ்சம் புல், நிறையக் காற்று. அவ்வளவுதான்.

ஆனால், அந்தப் புல்லுக்கு அடியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. மனிதக் குடும்பங்கள் அல்ல. பறவைக் குடும்பங்கள்!

அதற்குப் புயல் பறவை என்று பெயர். கறுத்த உடம்பு. எடை சுமார் 45 கிராம். ஒரு கோழி முட்டையின் எடை கூட இராது! ஆனாலும் நடுக்கடலில் அலைக்கு மேலே பறந்து பறந்து இரை தேடும். கரைக்கு வருவது முட்டை இடத்தான்.

மண்ணில் எலி போல வளை தோண்டும். அதற்குள் வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. அது பொரிய ஆறு வாரம் ஆகும். ஆணும் பெண்ணும் முறை வைத்து அடை காக்கும். ஒன்று வளைக்குள், மற்றது கடலில். மாற்றிக் கொள்ள வருவது எப்போது தெரியுமா? நள்ளிரவில்! பகலில் வந்தால் கடற்காக்கை அடித்துத் தின்று விடும்.

இருட்டில் வருகிறது. இருட்டில் போகிறது. பூமிக்கு அடியில் வாழ்கிறது. இந்தப் பறவை எத்தனை நாளுக்கு ஒரு முறை வீட்டுக்கு வருகிறது, வளைக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது, ஒரு மேட்டில் நூறு வளை இருக்க அடுத்த மேட்டில் ஒன்று கூட இல்லையே, ஏன்? இதை எல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

கையை விட்டுப் பார்த்தால் என்ன?

பார்க்கலாம். ஆனால் பறவை ஓடி விடும்!

கனடா நாட்டில் கென்ட் தீவு என்ற இடத்தில் இதே பறவையை ஆராய்ந்தார்கள். அடைகாக்கத் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் தொந்தரவு செய்தால், வளையை விட்டே போய்விடக் கூடும் என்று தெரிந்தது. முட்டை குளிர்ந்து கெட்டு விடும். அந்த வருடத்துக்கு அந்தக் குடும்பத்துக்கு வாரிசு கிடையாது.

நீர்க்காகத்தின் கதை இன்னும் மோசம். கூடுகள் நிறைந்த இடத்துக்கு ஒரு மனிதர் போய்க் கால் மணி நேரம் நின்று விட்டுத் திரும்பினால் போதும். அந்த வருடத்து முட்டை, குஞ்சுகளில் நூற்றுக்கு இருபது வரை அழிந்து போகலாம்.

பறவையின் மீது ஆசைப்பட்டு ஆராயப் போகிற மனிதர்தான் பறவைக்கு எமன்!

அட்லாண்டிக் கல்லூரி அந்தத் தீவில் நெடுநாளாகப் பறவை ஆராய்ச்சி செய்து வருகிறது. அங்கே பேராசிரியராக இருந்த ஜான் ஆண்டர்சனுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். 2002-ம் ஆண்டு அவரோடு சிலர் சேர்ந்தார்கள். எல்லோரும் கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி நகரத்துக்காரர்கள். சிலர் பல்கலைக்கழகத்தார். சிலர் இன்டெல் கம்பெனி அப்போது அங்கே நடத்திய ஆராய்ச்சிக் கூடத்தார். பறவையைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால், அவர்கள் கையில் ஒரு குட்டிப் பெட்டி இருந்தது.

பெட்டிக்குள் என்ன?

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதற்குள் ஒரு சிப். ஒரு சின்ன ரேடியோ. சூடு, ஈரம், வெளிச்சம், காற்றின் அழுத்தம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள். பறவையின் உடல் சூட்டை எட்ட இருந்தே உணரும் "கண்" ஒன்றும் உண்டு. எல்லாம் ஓடுவது இரண்டு பேனா பாட்டரியில். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அதே பாட்டரிதான்!

ஆங்கிலத்தில் இதற்கு "மோட்" என்று பெயர் வைத்தார்கள். தூசு என்று பொருள்.

வளைக்குள் இந்தத் தூசை வைத்து விட்டு மனிதர் போய் விடலாம். பறவை வருவதற்கு முன்பே வைத்து விட்டால் இன்னும் நல்லது. தூசு உள்ளே இருந்து கொண்டு, "இப்போது இவ்வளவு சூடு, பறவை இருக்கிறது, பறவை இல்லை" என்று ரேடியோவில் சொல்லிக் கொண்டே இருக்கும். இதுதான் திட்டம்.

திட்டம் பிரமாதம். ஆனால் ஒரு சிக்கல். பாட்டரி!

பறவைகள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தீவில் இருக்கின்றன. நடுவில் போய்ப் பாட்டரி மாற்ற முடியாது. மாற்றுவதற்கு வளையில் கை விட்டால், இத்தனை பாடும் வீண். ஆகவே ஒரு தடவை போட்ட பாட்டரி ஒன்பது மாதம் வர வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இரண்டு பாட்டரியில் உள்ள சரக்கு 2,200 மில்லி ஆம்பியர் மணி. இதை ஒன்பது மாதத்துக்குப் பங்கு போட்டால், ஒரு நாள் படி எவ்வளவு? எட்டுக்குச் சற்று மேல். அவ்வளவுதான்!

நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போனில் பாட்டரி சரக்கு 5,000 அளவில் இருக்கிறது. அதை நாம் ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் தீர்த்து விடுகிறோம். பெட்டியோ எட்டில் ஒரு நாள் குடித்தனம் நடத்த வேண்டும். சம்பளம் குறைந்த வீட்டில் மாதக் கடைசியில் குடும்பத் தலைவி படுகிற பாடுதான்!

காது கேட்பதற்குக் காசு!

எதற்கு அதிகச் செலவு ஆகிறது என்று பார்த்தார்கள். சூட்டை அளப்பதற்குச் செலவு மிகச் சொற்பம். அளந்ததை ரேடியோவில் அனுப்புவதற்கும் பெரிய செலவு இல்லை.

சும்மா காது கொடுத்துக் கேட்டுக் கொண்டிருப்பதுதான் பெரும் செலவு!

ஆச்சரியமாக இல்லையா? பேசினால்தான் களைப்பு வரும், கேட்டால் வராது என்றுதானே நாம் நினைக்கிறோம். ரேடியோவின் கதை வேறு. "யாராவது கூப்பிடுகிறார்களா?" என்று அதைத் திறந்து வைத்திருந்தாலே மின்சாரம் கரையும். பெட்டி ஒரு செய்தி அனுப்ப ஆகும் மின்சாரமும், ஒரு செகண்டில் அறுபதில் ஒரு பங்கு நேரம் சும்மா கேட்டுக் கொண்டிருக்க ஆகும் மின்சாரமும் ஒன்று! ரேடியோவைத் திறந்தே வைத்தால், ஒரு நாள் படி இரண்டு மணி நேரத்துக்குள் காலி. ஒன்பது மாதப் பாட்டரி மூன்று வாரம் தாங்காது.

அப்படியானால் வழி?

தூங்க வேண்டும். சிப்பும் தூங்க வேண்டும். ரேடியோவும் தூங்க வேண்டும். வேலை வந்தால் சட்டென்று விழித்து, முடித்து விட்டு, மறுபடியும் தூங்கி விட வேண்டும்.

சொல்வது சுலபம். யார் தூங்குவது, யாரை எப்போது எழுப்புவது என்று பார்த்துக் கொள்ள உள்ளே ஒரு மேஸ்திரி வேண்டாமா?

கம்ப்யூட்டரில் அந்த மேஸ்திரிக்கு "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று பெயர். கட்டட வேலையில் மேஸ்திரி என்ன செய்கிறார்? "நீ கல் எடு, நீ சாந்து குழை, நீ சற்று நில்" என்கிறார். அதுதான் இங்கேயும். செல்போனில் ஆண்ட்ராய்டு என்கிறோமே, அது ஒரு மேஸ்திரி. ஆனால் அது பெரிய இடத்து மேஸ்திரி. ஆள், அம்பு, பரிவாரம் எல்லாம் கேட்கும். இந்தப் பெட்டியில் அதற்கு நிற்கக் கூட இடம் கிடையாது. பெட்டியின் வேலை நினைவு 4 கே.பி. 4 ஜி.பி. உள்ள சாதாரணச் செல்போனுக்கு அதைப் போல் பத்து லட்சம் மடங்கு இருக்கிறது!

178

ஆகவே, புதிதாக ஒரு குட்டி மேஸ்திரியை உருவாக்கினார்கள். பெர்க்லியில் டேவிட் கல்லர் என்ற பேராசிரியரும், ஜேசன் ஹில் என்ற மாணவரும், அவர்களுடைய கூட்டாளிகளும் செய்தார்கள். "டைனி ஓ.எஸ்." என்று பெயர். டைனி என்றால் பொடி. 2000-ம் ஆண்டில் அதைப் பற்றி உலகத்துக்குச் சொன்னார்கள்.

அதன் நடுநாடியாக உள்ள பகுதி எவ்வளவு பெரியது தெரியுமா? 178 பைட்!

பைட் என்பது கம்ப்யூட்டரின் படி, ஆழாக்கு. ஒரு இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட். நம் தமிழ் எழுத்துக்கு மூன்று. கொம்பும் காலும் புள்ளியும் சேர்ந்தால் ஆறு. அந்தக் கணக்கில் 178 பைட் என்றால் ஏறக்குறைய நாற்பது எழுத்து. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், ஊர் எழுதினாலே தீர்ந்து விடும். அதற்குள் ஒரு மேஸ்திரியை அடைத்து விட்டார்கள்! ரேடியோ வேலை எல்லாம் சேர்த்த முழுப் புரோகிராமும் மூன்றரை ஆயிரம் பைட்டுக்குள் அடங்கியது.

இந்த மேஸ்திரியின் குணம் விசித்திரமானது. எதற்கும் காத்து நிற்க மாட்டார். "வேலை இருக்கிறதா? இருந்தால் கொடு. முடித்து விடுகிறேன். இல்லையா? படுத்து விடுகிறேன்." வேலை வரிசையில் ஒன்றும் இல்லை என்றால், அந்த நிமிஷமே சிப்பைத் தூங்க வைத்து விடுவார். கடிகாரம் தட்டினாலோ, ரேடியோ தட்டினாலோதான் எழுவார்.

சோம்பேறி மேஸ்திரி என்று சொல்லத் தோன்றும். இந்தச் சோம்பல்தான் பாட்டரியைக் காத்தது.

தீவில் நடந்தது

2002 கோடையில் 32 பெட்டிகளைத் தீவில் வைத்தார்கள். கடல் ஈரம் உள்ளே போகாதபடி மெல்லிய பூச்சுப் பூசினார்கள். சில பெட்டிகள் வளைக்குள். சில பெட்டிகள் வெளியே தரையில். சுமார் 70 செகண்டுக்கு ஒரு தடவை பெட்டி விழிக்கும், அளக்கும், சொல்லும், தூங்கும்.

அது சொன்னதைக் கலங்கரை விளக்கக் காவலர் வீட்டில் இருந்த கம்ப்யூட்டர் வாங்கிக் கொண்டது. அங்கிருந்து செயற்கைக் கோள் மூலம் நாட்டின் மறு கோடியில் உள்ள பெர்க்லிக்குப் போயிற்று. பூமிக்கு அடியில், இருட்டில், ஒரு சின்னப் பறவை முட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. கலிபோர்னியாவில் காப்பி குடித்துக் கொண்டே ஒருவர் அந்த வளையின் சூட்டைப் பார்க்கிறார்!

அந்த முதல் பருவத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட அளவுகள் வந்து சேர்ந்தன.

எல்லாம் சுகமாக நடந்து விட்டது என்று எண்ண வேண்டாம். பல பெட்டிகள் நடுவழியில் செத்துப் போயின. பெரும்பாலும் தண்ணீரால் வந்த வினை. அதிலும் ஒரு வேடிக்கை. சாகப் போகும் பெட்டி முன்கூட்டியே சொல்லி விட்டது! ஈரத்தை அளக்கும் கருவி, இருக்கவே முடியாத எண்ணைச் சொல்லி உளற ஆரம்பிக்கும். பிறகு சில நாளில் பெட்டி ஊமையாகி விடும். வீட்டில் ஜுரம் வந்தவர் பிதற்றுவது போலத்தான்.

2003-ல் இன்னும் பெரிதாகச் செய்தார்கள். சுமார் 150 பெட்டி. தூரம் அதிகம். ஆகவே ஒரு பெட்டி அடுத்த பெட்டியிடம் சொல்லும். அது அதற்கு அடுத்ததிடம் சொல்லும். இங்கேதான் பழைய சிக்கல் திரும்பி வந்தது. அடுத்தவர் சொல்வதை வாங்க வேண்டும் என்றால், காது திறந்திருக்க வேண்டுமே!

அதற்கும் ஒரு தந்திரம் செய்தார்கள். நம் தெருவில் கீரை விற்கிற அம்மாள் என்ன செய்கிறார்? "கீரே..." என்று தெருக்கோடி வரை நீட்டி முழக்குகிறார். அடுப்படியில் இருப்பவர் ஒரு நொடி காது கொடுத்தாலும் போதும். சத்தம் கேட்கும். வாசலுக்கு வருவார். வாசலிலேயே காலை முழுதும் நிற்க வேண்டியதில்லை.

பெட்டியும் அப்படியே. அவ்வப்போது ஒரு கணம் மட்டும் காதைத் திறக்கும். சத்தம் இல்லையா, மூடி விடும். கூப்பிடுகிற பெட்டி நீட்டி முழக்கிக் கூப்பிட வேண்டும். கூப்பிடுபவருக்குக் கொஞ்சம் அதிகச் செலவு. ஆனால் ஊரே தூங்கலாம்!

செய்முறையும் இலவசம்

ஓட்டலில் சாம்பார் ருசியாக இருந்தால் இன்னொரு கிண்ணம் வாங்கலாம். செய்முறையைக் கேட்டால் சொல்வார்களா? சிரிப்பார்கள்.

புரோகிராம் விற்கும் கம்பெனிகளில் பலவும் அப்படித்தான். சாம்பார் தருவார்கள். செய்முறை தர மாட்டார்கள். பெர்க்லிக்காரர்கள் செய்முறையையே எழுதிக் கொடுத்து விட்டார்கள். "எடுத்துக் கொள்ளுங்கள், மாற்றிக் கொள்ளுங்கள், விற்றாலும் விற்றுக் கொள்ளுங்கள், எங்கள் பெயரை மட்டும் எடுத்து விடாதீர்கள்" என்பதுதான் அதன் நிபந்தனை. இப்படிச் செய்முறையைத் திறந்து வைப்பதற்கு "ஓப்பன் சோர்ஸ்" என்று பெயர்.

விளைவு? 2004-ல் கலிபோர்னியாவில் 70 மீட்டர் உயரமுள்ள ஒரு செம்மரத்தில் வெவ்வேறு உயரங்களில் பெட்டிகளைக் கட்டி, ஒரே மரத்தின் கீழே ஒரு பருவம், மேலே ஒரு பருவம் இருப்பதைப் பார்த்தார்கள். 2005-ல் ஈக்வடார் நாட்டில், புகை கக்கும் ரெவெண்டடார் எரிமலையில் 16 பெட்டிகள் 19 நாள் வேலை செய்தன. சான்பிரான்சிஸ்கோவின் பெரிய தொங்கு பாலத்தின் அதிர்வையும் அளந்தார்கள். எல்லாவற்றுக்குள்ளும் அதே பொடி மேஸ்திரி!

ஹாலந்து நாட்டுக்காரர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கை அழிக்கும் பூஞ்சை நோயை முன்கூட்டி அறிய, ஒரு வயலில் சுமார் நூறு பெட்டிகளை வைப்பது திட்டம். புரோகிராமில் பிசகு மேல் பிசகு. பெட்டிகள் தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கவில்லை. பாட்டரி சில நாளில் தீர்ந்தது. கடைசியில் கிடைத்த தகவல், எதிர்பார்த்ததில் நூற்றுக்கு இரண்டு பங்கு! வேறு யாராக இருந்தாலும் மூடி மறைத்திருப்பார்கள். அவர்களோ 2006-ல் எல்லாப் பிசகையும் விலாவாரியாக எழுதி வெளியிட்டார்கள். அதைப் படித்துத் தப்பியவர்கள் எத்தனையோ பேர். செய்முறையைப் போலவே, குழம்பு தீய்ந்த கதையையும் சொல்வதுதான் உண்மையான உதவி.

தெப்பத்தின் பெயர்

சுவீடன் நாட்டில் ஆடம் டங்கெல்ஸ் என்ற இளைஞர் தனியாக ஒரு மேஸ்திரியைச் செய்து கொண்டிருந்தார். 2003-ல் வெளியிட்டார். பெயர் "கான்டிகி".

1947-ல் நார்வே நாட்டு தோர் ஹெயர்டால் என்பவர் ஐந்து தோழர்களுடன், பால்சா என்ற லேசான மரத்தால் கட்டிய தெப்பத்தில் பெரு நாட்டில் இருந்து பசிபிக் கடலில் 101 நாள் மிதந்து, ஒரு தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தத் தெப்பத்தின் பெயர் இது. சின்னத் தெப்பம் பெருங்கடலைக் கடந்தது போல, சின்னச் சிப்பும் இன்டர்நெட் என்ற கடலில் இறங்கலாம் என்று காட்டினார் டங்கெல்ஸ்.

அவருடைய கஞ்சத்தனம் பெர்க்லிக்காரர்களையே மிஞ்சியது. ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும்போது, ஒவ்வொரு வேலையும் எங்கே நின்றது என்று குறித்து வைக்க வேண்டும். அதற்கு அவர் ஒதுக்கிய இடம் இரண்டு பைட்! ஒரு தமிழ் எழுத்து எழுத அது போதாது.

இன்னொரு கஞ்சத்தனம் 2007-ல் உலகப் பொது விதியாகவே ஆயிற்று. பெட்டி அனுப்பும் ஒரு கடிதத்தின் மொத்த அளவு 127 பைட். அதில் இன்டர்நெட் முறைப்படி விலாசம் முதலிய தலைப்பு எழுதவே 40 பைட் போய் விடும். என்ன செய்தார்கள்? நம் பத்திரங்களில் ஒரு தடவை பெயரும் ஊரும் எழுதி விட்டு, அப்புறம் "மேற்படி, மேற்படி" என்று எழுதுகிறோம் அல்லவா? அதே வேலைதான்! இருவருக்கும் தெரிந்ததை விட்டு விட்டு எழுதினால், தலைப்பு இரண்டு மூன்று பைட்டுக்குச் சுருங்கி விடுகிறது.

இப்போது யார்?

முதல் மேஸ்திரியான டைனி ஓ.எஸ். ஏறக்குறைய ஓய்வு பெற்று விட்டார். கான்டிகியில் இருந்து 2017-ல் "கான்டிகி என்.ஜி." என்று ஒரு வாரிசு கிளம்பிற்று. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து செய்த "ரயட்" 2013-ல் வெளிவந்தது. 2016-ல் "ஜெஃபிர்" வந்தது. கிரேக்கப் புராணத்தில் மேல்காற்றுத் தேவனின் பெயர் அது. சிப் செய்யும் பெரிய கம்பெனிகள் பலவும் போட்டியை மறந்து, ஒன்றாகச் சேர்ந்து இதை வளர்க்கின்றன. செய்முறை இதற்கும் திறந்தே இருக்கிறது.

இந்த மேஸ்திரிகள் ஓடும் சிப் பலகை நம் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. புரோகிராமை இன்டர்நெட்டில் இருந்து இலவசமாக எடுத்துக் கொள்ளலாம். எஞ்சினீயரிங் கல்லூரிப் பிள்ளைகள் அதை வைத்துக் கிணற்று நீர்மட்டம் பார்க்கிறார்கள், மோட்டார் போடுகிறார்கள். அவர்கள் முதலில் செய்யும் தவறும் பெரும்பாலும் ஒன்றுதான். ரேடியோவைத் திறந்தே வைத்து விட்டு, "பாட்டரி ஏன் நிற்கவில்லை?" என்று கேட்கிறார்கள்!

புயல் பறவைக்கு இப்போது கஷ்ட காலம். உலகத்தில் அதன் எண்ணிக்கை குறைந்து வருவதால், 2016-ல் ஆபத்துக்கு உள்ளான பறவைகளின் பட்டியலில் சேர்த்து விட்டார்கள். ஒரு பறவை முப்பது வருடத்துக்கு மேலும் வாழக் கூடியது. 2002-ல் அந்தத் தீவில் குஞ்சாக இருந்தவற்றில் சில, இன்றும் நள்ளிரவில் ஏதாவது ஒரு வளைக்குத் திரும்பிக் கொண்டிருக்கலாம்.